மீன்கண் லென்ஸும் குளியலறைக் கதவும்

ஒரு வீட்டுக்குள் போய், அறை அறையாக நின்று, மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்துக்கொண்டு வந்த ஒருவருக்கு, அந்த வீட்டின் குளியலறைக் கதவு எவ்வளவு அகலம் என்பது எப்படித் தெரியாமல் போகும்? அந்த வீட்டுக்கே அவர் குடி வந்து சாமான் இறக்கிய அன்று எங்கள் தெருவில் பலரும் இதைக் கேட்டார்கள். எனக்கும் அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, இப்போது ஓரளவு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

அவரை எல்லோரும் படக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாடகைக்கு விடப்போகும் வீடுகளைப் படம் எடுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. காலையில் வீட்டு புரோக்கர் ஒரு சாவிக்கொத்தையும் விலாசம் எழுதிய சீட்டையும் கையில் திணிப்பார். சில நாள் ஏழு வீடு, சில நாள் ஒன்பது. தோளில் கேமரா பை, கையில் மூன்று கால் ஸ்டாண்டு, பஸ், படி, பூட்டு, மறுபடியும் பஸ். காலி வீடுகள் எல்லாமே ஒரே ஜாடையில் இருக்கும். புதுச் சுண்ணாம்பு வாடை. காலண்டர் மாட்டியிருந்த ஆணி. யாரோ விட்டுப் போன ஒற்றைச் செருப்பு. அலமாரிக் கதவில் பாதி கிழிந்த ஸ்டிக்கர். முதல் வருடம் அதையெல்லாம் நின்று பார்த்து, இங்கே யார் இருந்திருப்பார்கள் என்று யோசிப்பார். பிறகு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

அவருடைய கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர் கால் இடறிக் கீழே விழுந்தார். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். அவர்கள் குடியிருந்ததோ இரண்டாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் இரண்டு வாரம் ஓடும், ஒரு வாரம் படுக்கும். ஊரிலிருக்கும் லிஃப்டுக்கெல்லாம் வைத்தியம் பார்த்த மனுஷன், தன் வீட்டு லிஃப்டின் மோட்டார் இருமுவதை ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

"இப்ப கேளு, ரெண்டு நாளுல நிக்கப்போகுது" என்பார். சொன்னபடி நின்றுவிடும்.

அந்த வீட்டுக் குளியலறையில் ஒரு சாண் உயரத்துக்குப் படி. நாற்காலி ஏறாது. காலையும் மாலையும் படக்காரம்மா அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, படியைத் தாண்டி, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். குளித்து முடித்ததும் அதே மாதிரி திரும்ப. படக்காரம்மாவுக்கும் இடுப்பு விட்டுப் போயிற்று.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா" என்று ஒருநாள் தலை துவட்டும்போது கணவர் சொன்னார். "கதவைச் சாத்திக்கிட்டு, நானா உள்ள போயி, பாட்டுப் பாடிக்கிட்டுக் குளிக்கணும். அவ்வளவுதான்."

"நீங்க பாடினா பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க."

"நல்லதுதானே, உனக்குப் படம் எடுக்க ஒரு வீடு கூடக் கிடைக்கும்."

சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து படக்காரம்மாவின் மனசில் அது ஒன்றுதான். தரைத்தளத்தில் ஒரு வீடு. படி இல்லாத குளியலறை. நாற்காலியோடு அவர் தனியாக உள்ளே போகிற மாதிரி ஒரு கதவு.

இங்கே லென்ஸின் கதையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

வாடகை வீட்டு அறைகள் சின்னவை. சுவரோடு சுவராக ஒட்டி நின்று எடுத்தாலும் கட்டிலில் பாதிதான் விழும். புரோக்கர் நொந்துகொள்வார். "படத்துல ரூம் மூச்சு விடணும்மா. நீங்க எடுக்கறது அலமாரிக்குள்ள உக்காந்து எடுத்த மாதிரி இருக்கு." அகலமாக எடுக்கும் புது லென்ஸ் வாங்க அவரால் முடியாது. ஆகவே பழையதைத் தேட ஆரம்பித்தார். பஸ்ஸில் போகும்போதெல்லாம் போனில் பழைய கேமரா சாமான் விளம்பரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். கண் சொக்கும். கிடைத்தது போனில் இல்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில், மழைக்கு ஒதுங்கிய பழைய சாமான் கடையில். பிஸ்கட் டப்பா ஒன்றில் துருப்பிடித்த சாவிகளோடு கிடந்தது. கைக்குள் அடங்கும் கனமான லென்ஸ். முன்பக்கக் கண்ணாடி தவளைக் கண் மாதிரி பிதுங்கி நின்றது.

"அது என்னன்னு தெரியுமாம்மா?" என்றார் கடைக்காரர். "வாசக் கதவுல பதிப்பாங்களே, வந்தது யாருன்னு உள்ளேர்ந்து பாக்க? அதோட அண்ணன்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னாலும் விஷயம் ஏறக்குறைய அதுதான். மீன்கண் லென்ஸ் என்பார்கள். முன்னால் இருப்பதோடு, இந்தத் தோள் பக்கமும் அந்தத் தோள் பக்கமும் சேர்ந்தே விழும். படக்காரம்மா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் நூல் நூலாகக் கொஞ்சம் பூஞ்சை. முன் கண்ணாடியில் ஒரு கீறல். வளையத்தைத் திருப்பினார். ஒவ்வொரு எண்ணிலும் டக் டக்கென்று நின்றது. போதும் என்று வாங்கிவிட்டார்.

அது நாற்பது வருடத்துக்கு முந்தைய பிலிம் கேமராவுக்குச் செய்தது. இவருடையதோ டிஜிட்டல் கேமரா. இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு உலோக வளையம் வேண்டும். அதை வரவழைத்து மாட்டினால், 'லென்ஸ் இல்லை' என்று கேமரா முரண்டு பிடித்தது. கேமராவின் அமைப்புகளில் துழாவி, லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு என்ற கட்டளையைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அப்புறமும் தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கல். கணவர்தான் கண்டுபிடித்தார். வளையத்தை அளவுக் கருவியில் கவ்வவைத்துப் பார்த்துவிட்டு, "மயிரிழை தடிப்பு கூட இருக்கு" என்றார். உப்புத்தாளைக் கண்ணாடிப் பலகையில் ஒட்டி, வளையத்தை அதன்மேல் வைத்து மூன்று நாள் பொறுமையாகத் தேய்த்தார். தேய்ப்பார், அளப்பார், தேய்ப்பார். விழுந்ததற்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு களை வந்தது அப்போதுதான்.

தூரமும் தெளிந்தது. முதல் படங்களில் படக்காரம்மாவின் கால் கட்டைவிரல்கள், பையின் வார், ஸ்டாண்டின் ஒரு கால் எல்லாம் வந்து நின்றன. வயிற்றை எக்கிக்கொண்டு, காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு எடுக்கப் பழகினார். இன்னொரு சௌகரியமும் இருந்தது. தூர வளையத்தை ஒரு மீட்டரில் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மற்ற வளையத்தை எட்டில் வைத்துவிட்டால், கைக்கெட்டும் சுவரும் கடைசிச் சுவரும் ஒன்றாகத் தெளிவாக விழும். வீட்டுக்கு வீடு திருப்ப வேண்டியதில்லை. இரண்டு வளையத்தையும் டேப் போட்டு ஒட்டிவிட்டார். கண்ணுக்கு அந்த வேலையும் மிச்சம். உள்ளே போவார், ஸ்டாண்டை நிறுத்துவார், அமுக்குவார், அடுத்த அறை.

மீன்கண் படத்தில் சுவரெல்லாம் வில்லாக வளைந்திருக்கும். கம்ப்யூட்டரில் போட்டு நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தும்போது ஓரங்கள் ரப்பர் மாதிரி இழுபடும். ஓரத்தில் இருக்கும் கதவு ஊதிக்கொள்ளும். படம் மொத்தமும் விசாலமாகிவிடும். புரோக்கருக்கு வாயெல்லாம் பல். "இப்பதாம்மா ரூம் மூச்சு விடுது!"

இப்படி ஒரு வருடம் ஓடியது. ஒரு மாலை, தன் கம்ப்யூட்டரில் இருந்த பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். நான்கு மாதத்துக்கு முன் எடுத்த தரைத்தள வீடு. படுக்கையறையின் வலது ஓரத்தில் குளியலறை. தரை சமம். கதவோ, இரண்டு பேர் தோள் இடிக்காமல் சேர்ந்தே போகலாம் போல இருந்தது. புரோக்கருக்குப் போன் போட்டார். வீடு இன்னும் காலிதான். வீட்டுச் சொந்தக்காரர் வெளியூரில். சாவி அவர் கையில், குடி போகிற அன்றுதான் கொண்டு வருவார். பார்க்க வேண்டுமென்றால் ஒரு வாரம் பொறுத்து, ஒரு நாள் சொல்லி அவரை வரவழைக்க வேண்டும்.

கணவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அளந்தியா?"

"நானே எடுத்த படங்க."

"எடுத்தது சரி. அங்க நின்னது ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? ஜன்னலுக்கு வெளிய நீலத் தண்ணித்தொட்டி ஒண்ணு இருக்கும்."

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாமேம்மா. அந்தாள வரச் சொல்லி."

"தினம் எட்டு வீடு ஏறி இறங்கறேன். பாத்த வீட்டையே மறுபடி போய்ப் பாக்க எனக்குக் கால் இல்லைங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் தன் முழங்காலை ஒரு தட்டுத் தட்டி, "எனக்குந்தான்" என்றார்.  மறுநாள் வீட்டை உறுதி செய்தார்கள். இருந்த வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

குடி போன அன்று நாத்தனார் உதவிக்கு வந்திருந்தார். அவர் கணவரின் தங்கை. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். மத்தியானத்துக்குள் சாமானெல்லாம் இறங்கிவிட்டது. கட்டிலை எங்கே போடுவது என்ற பேச்சு நடக்கும்போதே கணவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். முகம் கழுவ வேண்டும் என்றார். குளியலறை வாசலில் டங் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பின்னால் வந்து மறுபடியும் போனார். மறுபடியும் டங்.

எல்லோரும் வந்து நின்றார்கள். நாற்காலியின் இரண்டு பக்கமும் கதவு நிலையில் முட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணி," என்றார் நாத்தனார், "இந்த வீட்டை நீங்கதானே படம் எடுத்தீங்க?"

படக்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. சாமான் தூக்கிய ஆட்கள் கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் சட்டைப் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து நாற்காலியை அளந்தார். அறுபத்தைந்து சென்டிமீட்டர். கதவுத் திறப்பை அளந்தார். அறுபது.

"அஞ்சு கம்மி" என்றார். லிஃப்ட் கதவைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

பழைய வீட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. அதில் அன்று காலையே வேறு குடும்பம் ஏறிவிட்டது. படக்காரம்மா ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தார். வெளியே நீலத் தொட்டியைக் காணோம். பக்கத்துக் கட்டடத்தின் பூசாத சுவர்தான் இருந்தது. அந்தத் தொட்டி வேறு எந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்ததோ.

கட்டிப் போட்ட பெட்டிகளின் மேல் கம்ப்யூட்டரை வைத்துத் திறந்தார். நிமிர்த்திய படத்தையும், நிமிர்த்தாத மூலப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். நிமிர்த்தியதில் கதவு அகலமாக, மாளிகைக் கதவு மாதிரி. மூலப் படத்தில் அதே கதவு ஓரத்தில் குறுகி, கூன் விழுந்து, ஒண்டிக்கொண்டு நின்றது.

"இதைப் பாத்திருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும்" என்றார். "இதை நான் பாக்கவே இல்ல. கம்ப்யூட்டர்ல கொட்டினேன், நிமித்தினேன், அனுப்பினேன்."

கணவர் இரண்டையும் பார்த்தார். "அது ஒடுக்கிக் காட்டுது, இது ஊதிக் காட்டுது. லென்ஸ் என்ன பண்ணும், அதோட சுபாவம் அது. ஆனா நீ அங்க நின்னியேம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று படக்காரம்மா பிறகு நாத்தனாரிடம் சொன்னாராம். அவர் நின்றது உண்மைதான். அந்த அறையில் ஒரு நிமிஷம் நின்றிருப்பார். அந்த ஒரு நிமிஷமும் வயிற்றை எக்கிக்கொண்டு, தன் கால்விரல் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். கதவைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அது ஆறாவது வீடு.

அன்று மாலை கணவரைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் படக்காரம்மா, இன்னொரு பக்கம் நாத்தனார். 

மறுநாள் கணவர் திருப்புளியோடு குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். திறந்த கதவின் தடிப்பே வாசலில் மூன்றரை சென்டிமீட்டரைத் தின்கிறது என்று கணக்குப் போட்டார். வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போனது. "கழட்டிக்குங்க, ஆனா என் கதவு பத்திரமா இருக்கணும்" என்றார் அவர். கீல் திருகுகளைக் கழற்றி, கதவைத் தூக்கிக் கட்டிலுக்குப் பின்னால் சாய்த்தார்கள். இப்போது அறுபத்து மூன்றரை. இன்னும் ஒன்றரை போதவில்லை. நாற்காலிச் சக்கரத்துக்கு வெளியே, கையால் தள்ளுவதற்கென்று ஒரு வளையம் இருக்குமே, இடது பக்கத்தில் அதைக் கழற்றினார். இரண்டரை குறைந்தது.

நிலையின் இரண்டு பக்கமும் கையால் பிடித்துத் தன்னையே முன்னால் இழுத்தார். இந்தப் பக்கம் அரை சென்டிமீட்டர், அந்தப் பக்கம் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் நாற்காலி உரசாமல் உள்ளே போயிற்று. தெருவில் ஒற்றை வளையத்தோடு தள்ள முடியாது. வெளியே போகும்போதெல்லாம் அதைத் திரும்ப மாட்ட வேண்டும், வந்ததும் கழற்ற வேண்டும். வேலை ஒன்று கூடிற்று. ஆனால் உள்ளே போயிற்று.

"கதவைச் சாத்திக்கிட்டுக் குளிக்கணும்னு கேட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இப்ப உள்ள வந்துட்டேன், கதவத்தான் காணோம்."

படக்காரம்மா ஒரு பழைய போர்வையை மடித்துத் திரைச்சீலையாகக் கட்டினார்.

அடுத்த வாரம் கணவர் ஒரு மரச்சட்டத்தை வாங்கிவரச் சொன்னார். ஒரு மீட்டர் நீளம், நடுவில் மடங்கும்படி. அதில் பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பட்டையாகச் சாயம் பூசினார், கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்று. ஒவ்வொரு பட்டையிலும் பெரிதாக எண், நடுவில் சென்டிமீட்டர் கோடுகள்.

"கதவுக்குக் குறுக்கே இதைத் தரையில போடு. அப்புறம் எடு. படத்தை எப்படி வேணா இழு, எண் இழுபடாது. நிலை எந்த எண்ணுல இடிக்குதுன்னு பாக்கறவன் பாத்துக்குவான்."

படக்காரம்மா அப்படியே எடுத்தார். கோல் சரியாகப் படத்தின் மையத்தில் விழுகிற மாதிரி ஸ்டாண்டை நிறுத்தினார். மீன்கண் படத்தில் எது வளைந்தாலும் மையத்தின் வழியாக ஓடும் கோடு வளையாது. மையத்தில் இருப்பதை வெட்டி எறியவும் முடியாது. ஓரத்தில் விழுந்தால் புரோக்கர் வெட்டிவிடுவார் என்று அவருக்குத் தெரியும்.

"என்னம்மா இது?" என்று புரோக்கர் குதித்தார். "வீட்டைக் காட்டச் சொன்னா, ரோடு போடற இடம் மாதிரி கோலைப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"கதவு எவ்ளோ அகலம்னு தெரியறதுக்குண்ணே."

"தெரிஞ்சா யாரும்மா வருவான்? நேர்ல வந்துட்டா பாதி பேரு அலுத்துப்போயே ஒத்துக்குவான். அதாம்மா தொழிலு."

"நானும் அப்படி அலுத்துப்போய் ஒத்துக்கிட்டவதான். வீட்டுக்கு ஒரு படம், கோலோட. இல்லன்னா சாவிக்கொத்தை வேற ஆளுகிட்ட குடுங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பில்லை. அதனால்தானோ என்னவோ புரோக்கர் பயந்துவிட்டார். பத்துப் படத்தில் கடைசிப் படமாக அதைப் போட ஒத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்துக் குறைப்பட்டுக்கொண்டு போன் செய்தார். "உங்க கோலு ஒரு நல்ல பார்ட்டியத் துரத்திடுச்சும்மா. அவங்க அம்மா பிடிச்சு நடக்கற ஸ்டாண்டு அகலம் அறுபதாம், கதவு அம்பத்தெட்டாம், வரலைன்னுட்டாங்க."

படக்காரம்மா அப்போது நான்காவது வீட்டின் படியில் நின்றுகொண்டிருந்தார். "சரிண்ணே" என்று வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். தெரியாத யாரோ ஒரு அம்மா, தெரியாத ஒரு வாசலில் முட்டிக்கொண்டு நிற்காமல் தப்பித்தார். அப்புறம் எழுந்து ஐந்தாவது வீட்டுக்குப் போனார்.

இப்போதும் ஏழு வீடு, எட்டு வீடுதான். லென்ஸின் ஓரத்துப் பூஞ்சை ஒரு நூல் கூடியிருக்கிறது. இடுப்பு வலி போகவில்லை. மாலையில் வீடு வந்து சேர்ந்ததும் கணவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு தயாராக இருப்பார்.

"போர்வைதானே தொங்குது, நீ உள்ள இருந்தா எனக்குப் பாட்டு வரமாட்டேங்குது."

"சரி, நான் வீட்டுக் கதவையே சாத்திட்டுப் போறேன்."

வெளியே வந்து வாசல் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, சாமான் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுவார். நாள் முழுக்கப் படத்தில் விழாமல் ஒளித்து ஒளித்து இழுத்துக்கொண்ட கால் விரல்களை மெதுவாக விரித்து மடக்குவார். உள்ளே தண்ணீர்ச் சத்தம். அதற்கு மேலே, சுருதி எங்கேயோ தாளம் எங்கேயோ போகிற ஒரு பாட்டு. இருபது நிமிஷம். ஒரு நாளில் யாரும் எதுவும் கேட்காத இருபது நிமிஷம் அதுதான். பாட்டு நின்ற பிறகும் இரண்டு நிமிஷம் சேர்த்து உட்கார்ந்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது போனில் படத்தைப் பார்த்து வீடு தேடிக்கொண்டிருந்தால், அவர்கள் வீட்டில் சக்கர நாற்காலியோ நடக்கும் ஸ்டாண்டோ இருந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். வீடுகளைப் படம் எடுக்கிறவர் யாரையாவது தெரிந்தால் அவரிடமும் சொல்லுங்கள். மரச்சட்டம் எங்கேயும் கிடைக்கும்.